தண்டவாளம் ஏறிய பஸ்: சித்தூர்–திருப்பதி பாதைக்கு ஒரு நூற்றாண்டின் பாடம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நேரே பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறார்கள். சித்தூரில் ரயில் நிலையம் இருக்கிறது. பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் பாதையும் இருக்கிறது. சாலையில் போனாலும் தண்டவாளத்தில் போனாலும் தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். பாசஞ்சர் ரயிலின் கட்டணம் பஸ் கட்டணத்தைவிட மிகக் குறைவு. இருந்தும் மக்கள் பஸ்ஸைத் தேடுவதற்குக் காரணம் ஒன்றே. பஸ் ஸ்டாண்டுக்கு எப்போது போனாலும் ஏற ஒரு பஸ் இருக்கும். ரயிலுக்கு அதன் நேரம் பார்த்துத்தான் போகவேண்டும். அந்த ஒரு ரயிலைத் தவறவிட்டால் அன்றைய வேலை கெட்டது.

2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை திருப்பதி–பாகாலா–காட்பாடி ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்க ஒப்புதல் அளித்தது. நீளம் 104 கிலோமீட்டர், மதிப்பீடு 1,332 கோடி ரூபாய். சுமார் 400 கிராமங்களும் 14 லட்சம் மக்களும் பயன்பெறுவார்கள் என்று அரசு அறிவிப்பு சொன்னது. திருமலை, காளஹஸ்தி, காணிப்பாக்கம், சந்திரகிரிக் கோட்டை ஆகியவற்றுக்குப் போகும் வழி எளிதாகும் என்றும் சொன்னது. இரண்டாவது தண்டவாளம் வந்தால் விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ராமாபுரம், பொம்மசமுத்திரம், பூதலப்பட்டு, பனபாக்கம் போன்ற சிறு நிலையங்களில் நிற்கிறவர்களுக்கு என்ன வரும்? அந்த 400 கிராமங்களின் மக்கள் ஏறி இறங்க எந்த வண்டி, எத்தனை முறை ஓடும்?

சிறு நிலையத்துக்கு, சிறு கூட்டத்துக்கு, குறைந்த செலவில் அடிக்கடி ஒரு வண்டியை எப்படி ஓட்டுவது என்ற கேள்வியை உலகின் ரயில்வேக்கள் நூறு ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றன. கிடைத்த விடைகளில் ஒன்று ரயில் பஸ். சாலையில் ஓடிய பஸ்ஸை, அல்லது அதன் உடலையும் எஞ்சினையும், தண்டவாளத்தில் ஏற்றி ஓட்டும் முயற்சி அது. அது எங்கே உதவியது, எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்பதை முழுதாகப் பார்த்தால் நம் பாதைக்கு வேண்டிய பாடம் அதில் கிடைக்கும்.

பஸ் எப்படி ரயில் ஆகிறது

வேலை பார்வைக்கு எளிது. டயர்களைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் விளிம்பு வைத்த இரும்புச் சக்கரங்களைப் பொருத்தவேண்டும். ஸ்டீயரிங் தேவையில்லை, வழியைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். எஞ்சின், கியர், இருக்கை, ஜன்னல், கூரை எல்லாம் பஸ்ஸில் இருந்தவையே. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது எழும் தடை, சாலையில் ரப்பர் டயர் உருளும்போது எழுவதைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் அதே எஞ்சின் குறைந்த டீசலில் அதிகத் தூரம் இழுக்கும்.

சிக்கல்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன. தடை குறைவு என்றால் பிடிமானமும் குறைவு. பிரேக் போட்டால் சாலையில் நிற்கும் தூரத்தில் தண்டவாளத்தில் நிற்காது. பஸ் முன்னோக்கி ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. கடைசி நிலையத்தில் அதைத் திருப்ப ஒரு திருப்புமேடை வேண்டும், அல்லது இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டவேண்டும். ரயில் பெட்டிக்கு அடியில் முன்னும் பின்னும் நான்கு சக்கர போகிகள் இருக்கும். அவை வளைவிலும் மேடுபள்ளத்திலும் தனித்தனியே திரும்பி அதிர்வைத் தாங்கும். ரயில் பஸ்ஸுக்குப் பெரும்பாலும் இரண்டே அச்சுகள். தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும் பயணியின் முதுகெலும்புக்குத் தெரியும்.

முதல் தலைமுறை: பிழைக்கச் செய்த வழி

முதல் உலகப் போருக்குப் பிறகு மலிவான மோட்டார் வண்டிகள் ஊரெங்கும் பெருகின. சிறு ரயில் பாதைகள் பயணிகளைச் சாலையிடம் இழந்தன. இங்கிலாந்தில் கர்னல் ஸ்டீபன்ஸ் என்பவர் நிர்வகித்த ஏழைப் பாதைகளில் 1923 முதல் ஃபோர்டு பஸ்கள் இரும்புச் சக்கரத்தில் ஓடின. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு கோத்து, போகும்போது ஒன்றும் திரும்பும்போது மற்றொன்றும் இழுக்கும்படி அமைத்தார்கள். திருப்புமேடை கட்டும் செலவு மிச்சம்.

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ரியோ கிராண்டே சதர்ன் என்ற குறுகிய பாதை நொடித்துக்கொண்டிருந்தது. தபால் கொண்டுபோகும் ஒப்பந்தம்தான் அதன் உயிர். நீராவி ரயிலை ஓட்டினால் அந்த வருமானம் கரிச் செலவுக்கே போதவில்லை. 1931இல் ரிட்ஜ்வே பட்டறையில் பழைய கார்களின் உடலையும் எஞ்சினையும் வைத்து ஒரு வண்டி கட்டினார்கள். முன்பாதியில் ஓட்டுநரும் சில பயணிகளும் உட்கார, பின்பாதியில் தபாலும் சரக்கும் ஏறின. ஆடி ஆடி ஓடியதால் அதற்குத் ‘துள்ளி ஓடும் வாத்து’ என்று பொருள்படும் பெயர் நிலைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவற்றில் சிலவற்றுக்குப் பழைய பஸ் உடல்களையே பொருத்தினார்கள். நீராவி ரயிலால் இயலாததைச் செய்து, அந்தப் பாதையை அவை மேலும் இருபது ஆண்டுகள் உயிரோடு வைத்தன. தபால் ஒப்பந்தம் போனதும் பாதையும் 1951இல் மூடப்பட்டது.

அயர்லாந்தின் டொனகல் மாவட்டக் குறுகிய பாதை இன்னும் தெளிவான சான்று. அதன் மேலாளர் ஹென்றி ஃபோர்ப்ஸ் 1931இல் டீசல் ரயில் கார்களை ஓட்டத் தொடங்கினார். பஸ் செய்கிறவர்களே அவற்றின் உடலைக் கட்டினார்கள். நீராவி எஞ்சினைச் சூடேற்றக் காத்திருக்கவேண்டியதில்லை. சில பயணிகளுக்காகவும் ஒரு நடை போகலாம். அவர் நடைகளைக் கூட்டினார். கேட் இருக்கும் இடங்களிலெல்லாம் நிறுத்தினார். ஏழை மாவட்டத்தின் அந்தப் பாதை 1959 டிசம்பர் 31 வரை தாக்குப்பிடித்தது. மூடிய பிறகும் அதன் இரண்டு ரயில் கார்களை மேன் தீவின் ரயில்வே வாங்கிக்கொண்டது.

இந்த மூன்றிலும் ரயில் பஸ் ஏழ்மையிலிருந்து பிறந்தது. ஆனால் டொனகலில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே மிச்சப்பட்ட பணம் கூடுதல் நடைகளாகவும் கூடுதல் நிறுத்தங்களாகவும் பயணியிடமே திரும்பிப் போனது.

அதே காலத்தில் நம் பக்கம்

சாலைக்கும் ரயிலுக்குமான போட்டி அப்போது இந்தியாவிலும் சூடாக இருந்தது. 1932–33இல் மிட்செல்–கிர்க்னஸ் விசாரணை அதை ஆராய்ந்தது. 1936–37இல் வெட்ஜ்வுட் குழு ரயில்வேயின் நிலையை ஆராய்ந்தது. 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது.

ஹைதராபாத் நிஜாமின் ரயில்வே வேறு வழியில் யோசித்தது. பஸ்ஸோடு போட்டியிடுவதற்குப் பதிலாகத் தானே பஸ் ஓட்டியது. 1932 ஜூனில் 27 பஸ்களோடும் 166 பணியாளர்களோடும் நிஜாம் அரசு ரயில் மற்றும் சாலைப் போக்குவரத்துத் துறை தொடங்கியது. ரயில் நிற்கும் இடத்திலிருந்து உள்ளூர்களுக்கு அதே நிர்வாகத்தின் பஸ் போனது. பின்னாளில் 1958 ஜனவரி 11இல் உருவான ஆந்திரப் பிரதேச அரசுச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் வேர் அந்தத் துறைதான். இன்று சித்தூர் டிப்போவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பஸ்ஸும் ஒருவகையில் ஒரு ரயில்வேயின் வாரிசு.

சித்தூரும் திருப்பதியும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தன. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோதுதான் பிரிந்தன. விழுப்புரத்திலிருந்து வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தருமாவரம் வரை போன மீட்டர் கேஜ் பாதையைத் தென்னிந்திய ரயில்வே 1890களின் தொடக்கத்தில் போட்டது. பாகாலாவில் பிரிந்த கிளை திருப்பதிக்குப் போனது. திருவண்ணாமலையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஏழுமலையானைப் பார்க்கப் போனவர்கள் பல தலைமுறைகளாக அந்தச் சிறு பெட்டிகளில்தான் போனார்கள். பிறகு பாதை பகுதி பகுதியாக பிராட் கேஜ் ஆனது. வேகம் கூடியது, வண்டிகள் நீண்டன. சிறு ஊர்க்காரருக்கு ஒரு நாளில் எத்தனை வண்டி என்ற கேள்வி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

போருக்குப் பின்: ஜெர்மனியும் பிரிட்டனும்

ரயில் பஸ்ஸைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று மேற்கு ஜெர்மனி. போரில் நொறுங்கிய ரயில்வேக்குக் கிளைப் பாதைகளில் நீராவி ரயில் ஓட்டக் கட்டவில்லை. 1950இல் யூர்டிங்கன் ஆலை, பஸ் எஞ்சினோடு இரண்டு அச்சு வண்டியைக் கொண்டுவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அங்கே அதைக் கிளைப் பாதைகளின் மீட்பர் என்றே அழைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் சந்தைக்குப் போனவர்களையும் ஒரு தலைமுறை முழுவதும் சுமந்தது அது. சாலையிலும் தண்டவாளத்திலும் மாறி மாறி ஓடும் பஸ்ஸையும் அந்நாடு 1953 முதல் 1967 வரை ஓட்டிப் பார்த்தது. பஸ் தன் கீழே தனி போகிகளை ஏற்றுக்கொண்டு தண்டவாளத்தில் போகும். இறங்கியதும் அவற்றை விட்டுவிட்டுச் சாலையில் ஓடும். மாற்றும் இடம்தோறும் நேரமும் ஆளும் தேவைப்பட்டதால் அது பரவவில்லை. அதற்கு முன் 1932இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஓடிய இதே வகை வண்டியும் சில மாதங்களில் நின்றது.

பஸ் உடலையே அச்சாக வைத்து ஒரு நாடு முழுவதற்கும் ரயில் செய்த கதை பிரிட்டனுடையது. 1970களின் இறுதியில் கிளைப் பாதைகளின் டீசல் வண்டிகள் மூப்படைந்திருந்தன. புதியவை வாங்கப் பணம் இல்லை. லேலண்ட் நிறுவனம் அப்போது நகரப் பஸ்களைப் பெருமளவில் செய்துகொண்டிருந்தது. சரக்கு வேகன்களுக்காக ரயில்வே ஆய்வகம் உருவாக்கிய அடிச்சட்டத்தின் மேல் அந்த பஸ் உடலை ஏற்றி 1978இல் ஒரு சோதனை வண்டி செய்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘பேசர்’ குடும்பம். 1980களில் 165 தொகுதிகள் கட்டப்பட்டன. அதில் 96 தொகுதிகள் ‘142’ என்ற ஒரே வகுப்பைச் சேர்ந்தவை.

பேசரைப் பயணிகள் நேசிக்கவில்லை. வளைவில் கீச்சிடும், இணைப்புகளில் குதிக்கும், பஸ் கதவுகள் சிக்கிக்கொள்ளும். 1999இல் வின்ஸ்ஃபோர்டில் ஒரு விரைவு ரயில் காலியான பேசரின் பின்னால் மோதியபோது பஸ் உடல் தன் அடிச்சட்டத்திலிருந்து நகர்ந்துபோனது. பஸ் உடல் ரயில் மோதலைத் தாங்காது என்ற அச்சம் அங்கே உறுதியானது. இருபது ஆண்டுகளுக்குமேல் ஓடவேண்டியதில்லை என்று நினைத்த வண்டிகள் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடின. மாற்றுத்திறனாளிகள் ஏறத்தக்க வண்டி வேண்டும் என்ற சட்டம் வந்த பிறகே, 2021க்குள் அவை விலக்கப்பட்டன.

ஆனால் பேசரின் கணக்கில் வரவும் உண்டு. அது வராதிருந்தால் வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல கிளைப் பாதைகள் 1980களிலேயே மூடப்பட்டிருக்கும் என்று அந்நாட்டு ரயில் வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். பாதை பிழைத்தது, பின்னர் பயணிகள் பெருகினார்கள், அந்தப் பெருக்கத்துக்குப் போதாத வண்டியாகப் பேசர் தெரிந்தது. ஒரு தற்காலிக வண்டி நிரந்தரமானதில்தான் தவறு இருந்தது. தொடக்கத்தில் அது சரியான முடிவு.

இலங்கையும் பொலிவியாவும்

இலங்கை ரயில்வே இரண்டு பஸ் உடல்களை முதுகோடு முதுகு பொருத்தித் தண்டவாளத்தில் விட்டது. கர்னல் ஸ்டீபன்ஸ் செய்த அதே உத்தி, எழுபது ஆண்டுகள் கழித்து. கூட்டம் குறைந்த மாகாணப் பாதைகளில், மட்டக்களப்புப் பக்கம் உட்பட, அவை ஓடின. பெரிய ரயில் நாளுக்கு ஓரிரு முறை மட்டுமே வரும் இடங்களில், இடைப்பட்ட நேரத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் மீன் கூடைக்காரருக்கும் ஒரு வண்டி என்பது சிறிய விஷயமன்று.

பொலிவியாவில் கொச்சபம்பாவிலிருந்து ஐகிலே வரையிலும், சுக்ரே–போதோசி மலைப் பாதையிலும் பழைய பஸ் உடல்கள் இரும்புச் சக்கரத்தில் ஓடின. ஒழுங்கான சாலை இல்லாத பள்ளத்தாக்குகளுக்கு அதுவே பஸ், அதுவே சரக்கு வண்டி. சாலை வராத இடத்தில் ரயில் பஸ்ஸுக்குப் போட்டியே இல்லை. சித்தூர்–திருப்பதி நிலைமை அதற்கு நேர் எதிர். இங்கே சாலை அகலமானது, பஸ்கள் ஏராளம்.

இந்திய ரயில் பஸ்: எல்லைக்கு அப்பால் ஒரு சோதனை

1990களில் இந்திய ரயில்வே ரயில் பஸ்ஸைச் சோதித்தது. பெங்களூரின் பெமல் நிறுவனம் இரண்டு அச்சு வண்டிகளைச் செய்தது. ராஜஸ்தானில் மேர்தா ரோடு–மேர்தா சிட்டி, உத்தரப் பிரதேசத்தில் மதுரா–விருந்தாவனம், கர்நாடகத்தில் சிவமொக்கா–தாளகுப்பா, பங்காரப்பேட்டை–கோலார் ஆகிய பாதைகளில் அவை ஓடின.

இவற்றில் கோலார் நமக்கு மிக அருகில் உள்ளது. சித்தூர் மாவட்டத்தின் குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் பாதையில் அடுத்து வரும் பெரிய சந்திப்பு பங்காரப்பேட்டை. தங்கவயல் தமிழர்கள் தலைமுறைகளாக இறங்கி மாறிய இடம். அங்கிருந்து கோலாருக்கு 18 கிலோமீட்டர் தூரம். குறுகிய பாதை பிராட் கேஜாக மாறிய பிறகு, கோலாரோடு முடிந்த அந்தத் துண்டில் முழு ரயில் ஓட்டக் கட்டாது என்று ரயில் பஸ் விடப்பட்டது. 2013இல் கோலாரிலிருந்து சிக்கபள்ளாப்பூர் வரை அகலப் பாதை முடிந்து தொடர் ஓட்டம் சாத்தியமானதும், ரயில் பஸ்ஸின் இடத்தைப் பெரிய வண்டிகள் எடுத்துக்கொண்டன. அதாவது அந்த ரயில் பஸ் ஒரு பாதையை இடைக்காலத்தில் மூடாமல் காத்தது. தன் வேலை முடிந்ததும் விலகியது. ரயில் பஸ் என்ற கருத்துக்கு இதைவிட நல்ல முடிவு இல்லை.

தாளகுப்பா வேறு கதை. ஜோக் அருவிக்கு அருகில் முடியும் அந்த மீட்டர் கேஜ் பாதை நூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டினூடே இரண்டு அச்சு வண்டி அத்தனை தூரம் போவது பயணிக்கும் வண்டிக்கும் சோதனைதான். கேஜ் மாற்றத்துக்காகப் பாதை மூடப்படும்வரை அது ஓடியது. மாற்றம் முடிந்ததும் முழு ரயில்கள் வந்தன.

மதுரா–விருந்தாவனம் திருப்பதிக்காரர்கள் கவனிக்கவேண்டிய கதை. அதுவும் கோயில் நகரங்களை இணைக்கும் பாதை. தூரம் சுமார் 12 கிலோமீட்டர். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பக்தர்கள் அந்த இரு ஊர்களுக்கும் இடையே போய்வருகிறார்கள். ஆனால் ரயில் பஸ் ஒரு நாளைக்குச் சில நடைகள் மட்டுமே ஓடியது. கட்டணம் மிகக் குறைவு. ஆனாலும் பக்தர்கள் ஆட்டோவிலும் வேனிலும் போனார்கள். 2023இல் கேஜ் மாற்றத்துக்காக அதை நிறுத்தியபோது, பாதைக்குப் பதில் சாலை போடுங்கள் என்று உள்ளூர் மக்கள் போராடினார்கள். தங்களுக்குப் பயன்படாத தண்டவாளம் ஊரைக் குறுக்கே வெட்டும் தடையாகவே அவர்களுக்குத் தெரிந்தது. பக்தர் கூட்டம் இருந்தால் மட்டும் ரயில் பாதை பிழைக்காது என்பதற்கு இதுவே சான்று.

குறை எங்கே?

ரயில் பஸ்ஸின் மேல் சொல்லப்படும் குறைகளில் சில இயந்திரத்துடையவை. மோதலில் அதன் உடல் பலவீனம். கனரயில்கள் ஓடும் முக்கியப் பாதையில் அதை விடுவது ஆபத்து. எடை குறைவென்பதால், துருப்பிடித்த தண்டவாளத்தில் அது நிற்பதைச் சில வகை சிக்னல் சுற்றுகள் சரியாக உணராமல் போகலாம். அச்சுகளை எண்ணும் கருவிகள் பரவிய பிறகு இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது. இந்தியாவில் கூட்டம் வந்தால் ஒரு பஸ் அளவு வண்டி உடனே நிரம்பிவிடும். திருவிழா நாளில் அது கேலிக்குரியதாகிவிடும். சாதாரண நாளில் காலியாக ஓடும்.

மற்றவை நிர்வாகத்துடையவை. ஒரு பாதைக்கு ஒரே ஒரு ரயில் பஸ்ஸைக் கொடுத்துவிட்டால், அது பழுதாகும் நாளில் சேவையே இல்லை. மாற்று வண்டி இல்லாத பாதையைப் பயணி ஒரே மாதத்தில் மறந்துவிடுவார். கேட்கீப்பர், நிலையப் பணியாளர், சிக்னல் ஆகியவற்றின் செலவு வண்டி சிறியதானாலும் குறைவதில்லை. பிராட் கேஜ் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 தொடக்கத்துக்குள் நீக்கப்பட்டன. பாதுகாப்புக்கு அது மாபெரும் நன்மை. அதோடு, கேட்டுக்கு ஆள் இல்லாமல் சிக்கனமாக ஓட்டலாம் என்ற பழைய ரயில் பஸ் கணக்கும் முடிந்துபோனது.

இவ்விரண்டையும்விட ஆழமான குறை ஒன்று உண்டு. ரயில் பஸ்ஸால் ஒரு நடைக்கான செலவு பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மிச்சத்தில் நடைகளை இரட்டிப்பாக்கலாம். அல்லது நடைகளை அப்படியே விட்டு நஷ்டத்தைப் பாதியாக்கலாம். டொனகல் முதல் வழியைத் தேர்ந்தது. மதுரா–விருந்தாவனம் இரண்டாவது வழியில் போனது. நாளுக்குச் சில நடை ஓடும் வண்டியை யாரும் நம்பமாட்டார்கள். நம்பாத வண்டியில் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்ததே மூடுவதற்குக் காரணமாகிவிடும். எந்த வண்டி ஓடுகிறது என்பதைவிட எத்தனை முறை ஓடுகிறது என்பதே ஒரு கிளைப் பாதையின் விதியை எழுதுகிறது.

இன்றைய சோதனை: ஜப்பான்

இந்தக் கருத்து இன்னும் சாகவில்லை. ஜப்பானின் ஆசா கடற்கரை ரயில்வே 2021 டிசம்பர் 25 அன்று இருவழி வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. சாதாரண மினி பஸ் ஒன்று குறிப்பிட்ட நிலையத்தில் தன் வயிற்றுக்குள்ளிருந்து இரும்பு வழிகாட்டிச் சக்கரங்களை இறக்கிக்கொள்ளும். பதினைந்து நொடியில் அது ரயிலாகிவிடும். இறங்கும் இடத்தில் மீண்டும் பஸ்ஸாகி ஊருக்குள் போகும். தண்டவாளத்தில் அது ஓடுவது பத்துக் கிலோமீட்டர் மட்டுமே. அந்தப் பகுதியில் வழக்கமான ரயில் ஓட்டத்தை முழுக்க நிறுத்திவிட்டுத்தான் அதை அனுமதித்தார்கள். லேசான வண்டியும் கனமான ரயிலும் ஒரே தண்டவாளத்தில் கலந்து ஓடக்கூடாது என்ற விதியை ஜப்பானாலும் தாண்ட முடியவில்லை. மூப்படைந்து மக்கள் குறைந்துவரும் கடலோரத்துக்கு அது பொருந்தியது. விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் ஓடும் காட்பாடி–திருப்பதிப் பாதைக்குப் பொருந்தாது.

அப்படியானால் நமக்கு என்ன?

சித்தூர்–திருப்பதி பாதையில் ரயில் பஸ் விடவேண்டும் என்று இக்கட்டுரை கேட்கவில்லை. பாதை மின்மயமாகிவிட்டது, டீசல் பஸ் எஞ்சினை அதில் ஏற்றுவது பின்னோக்கிப் போவது. போக்குவரத்து அடர்த்தியான பாதையில் பஸ் உடலை விடுவது பாதுகாப்பும் அன்று. ரயில் பஸ்ஸின் உடலை விட்டுவிட்டு அதன் பாடத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். சிறிய வண்டி, அடிக்கடி நடை, நம்பகமான நேரம், பஸ்ஸோடு கைகோத்த இணைப்பு என்பதே அந்தப் பாடம்.

இந்தப் பாதையில் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் அது விளங்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து நோயாளிகள் காட்பாடி வழியாகப் போகிறார்கள். திருப்பதியின் ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைகளுக்கும் மாணவரும் நோயாளரும் போகிறார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து பக்தர்கள் திருமலைக்கும், சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள காணிப்பாக்கத்துக்கும் போகிறார்கள். காய்கறியும் பாலும் விற்கிறவர்கள் விடியலில் போகிறார்கள். இவர்களில் யாருக்கும் இருபது பெட்டி ரயில் நாளுக்கு ஒன்று வருவதால் பயன் இல்லை. நான்கு பெட்டி மெமு என்ற குறுந்தூர மின்ரயில் மணிக்கொன்று வந்தால் வாழ்க்கை மாறும்.

இரட்டைப் பாதை வேலை முடியும்போது செய்யவேண்டியவை சில. காட்பாடிக்கும் திருப்பதிக்கும் இடையே, ஒவ்வொரு சிறு நிலையத்திலும் நிற்கும் குறுகிய மெமு வண்டிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில், எளிதில் நினைவில் நிற்கும் நேரங்களில் ஓட்டவேண்டும். விரைவு ரயிலுக்காகச் சிறு வண்டியைப் பாகாலாவில் காக்கவைக்கும் வழக்கத்தை இரண்டாவது தண்டவாளத்தோடு முடிவுக்குக் கொண்டுவரவேண்டும். சாலையும் தண்டவாளமும் சந்திக்கும் ஊர்களில் புதிய ஹால்ட்டுகள் வேண்டும். ஒரு வண்டி பழுதானால் மறுநாளே வேறு வண்டி ஓட, மாற்று வண்டி கையில் இருக்கவேண்டும். திருப்பதி செட்டிப்பள்ளியிலேயே ரயில்வேயின் பெட்டிப் பழுதுபார்க்கும் பணிமனை இருக்கிறது; பராமரிப்பில் தேர்ந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

பஸ்ஸை எதிரியாக நினைப்பதையும் விடவேண்டும். சித்தூர் நிலையத்தில் ரயில் வந்ததும் காணிப்பாக்கம் பஸ் நிற்கவேண்டும். திருப்பதி நிலையத்துக்கு எதிரிலேயே திருமலை பஸ் கிடைக்கிறது. அந்த வசதி பாகாலாவுக்கும் பூதலப்பட்டுக்கும் வரட்டும். இரண்டுக்கும் ஒரே சீட்டு வாங்கும் ஏற்பாடு இருந்தால், 1932இல் ஒரு சமஸ்தானத்தின் ரயில்வே யோசித்த அளவுக்காவது நாம் யோசித்தோம் என்று ஆகும். மாநில அரசின் பஸ் கழகமும் மத்திய அரசின் ரயில்வேயும் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டால் முடியும் வேலை இது. அதற்குப் புதிய தண்டவாளம் தேவையில்லை.

உண்மையான ரயில் பஸ்ஸுக்கு இப்பகுதியில் இடமே இல்லையா? பீலேர், மதனப்பள்ளி ரோடு, கதிரி வழியாகப் பாகாலாவிலிருந்து தருமாவரம் போகும் நீண்ட கிளையில் கூட்டம் குறைவு. போகிகளின் மேல் முறையான ரயில் உடலோடு, ஓரிரு பெட்டி அளவில் ஒரு சிறு மின்வண்டியைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம் அது. சோதிப்பதானால் குறைந்தது இரண்டு வண்டிகள், நாளுக்குக் குறைந்தது ஆறு நடைகள், முழுதாக இரண்டு ஆண்டுகள் என்று உறுதி கொடுத்துச் சோதிக்கவேண்டும். ஒரு வண்டியை நாளுக்கு இரண்டு முறை ஓட்டிவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று சொல்வது சோதனை ஆகாது. அது மூடுவதற்கான முன்னேற்பாடு.

நூறு ஆண்டுகளில் ரயில் பஸ்கள் ஓடிய பாதைகளில் பல மூடப்பட்டுவிட்டன. சில பாதைகள் பெரிய ரயில்களுக்கு வழிவிட்டுச் செழித்தன. இரண்டிலும் ஓடிய வண்டி ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபட்டது அதை ஓட்டியவர்களின் எண்ணம். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மக்கள் பிரதிநிதிகள் இரட்டைப் பாதைப் பணியைப் பார்வையிடப் போகும்போது, ரயில்வே அதிகாரிகளிடம் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்டு வாங்கவேண்டும்: வேலை முடிந்த முதல் நாளிலிருந்து, பூதலப்பட்டு நிலையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் நிற்கும்? அதற்கு எண்ணிக்கையில் பதில் வரும்வரை, 1,332 கோடி ரூபாய் அந்த 400 கிராமங்களுக்காகச் செலவாகிறது என்று யாரும் சொல்ல இயலாது.